ஒன்று பெரிதா, ஏழு பெரிதா?

மாடி வீட்டு நூர்ஜஹான் மகளுக்குப் போன வெள்ளிக்கிழமை நிச்சயம். பெண்ணின் அப்பா துபாயில் - லீவு கிடைக்கவில்லை. வீடியோவில்தான் பார்க்க வேண்டும்.

"அண்ணே, போன தடவ பேசுறப்ப அவரு மூஞ்சி அப்டியே நின்னுடுச்சு. நாளைக்கு நிக்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் முந்தின நாள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே இன்டர்நெட். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு ஒயர். எந்த ஒயருக்கு முன்னுரிமை என்று லேப்டாப்பில் செட் செய்யலாம். செய்தேன். மாடிக்கு ஒன்று, எங்களுக்கு ஏழு. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் ரேங்க்கைத் தூரத்திலிருந்தே பார்த்தவன்... அந்த எண்ணின் மேல் மரியாதை இருக்காதா? எங்கள் வேகத்துக்கு உச்சவரம்பும் போட்டிருக்கலாம். போடவில்லை - மறுநாள் மேட்ச் இருந்தது.

வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. துவா ஓதப் போகிற நேரம், துபாய்க்காரர் வாய் பாதி திறந்தபடி உறைந்தார். கீழே என் வீட்டு டிவியில் கிரிக்கெட் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இன்னாண்ணே பண்ணி வச்சீங்க!" என்று என் பக்கம் திரும்பினாள் நூர்ஜஹான்.

அந்தக் காலத்தில் மரக்காணத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத். உப்பு லாரி டிரைவர்களோடு நானும் வரிசையில் நிற்பேன். பூத்காரர் எட்டிப் பார்த்து, "கல்ஃப் கால் வர்ற நேரம், வெளிய வாப்பா!" என்பார். அவ்வளவுதான். லோடு பேசிக்கொண்டிருந்த டிரைவர் பாதியில் ரிசீவரை வைப்பார். புதுச்சேரியிலிருந்த என் வருங்கால மனைவியிடம் முக்கியமான ஒன்றைச் சொல்ல வாயெடுத்த நானும் வைத்திருக்கிறேன். (என்ன அது என்று இன்னும் கேட்கிறாள். மறந்துவிட்டது என்று சொல்ல தைரியமில்லை.)

கண்ணாடிக் கதவுக்குள் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே சிரிப்பாள். நாங்கள் திரும்பி நின்று, தூரத்து உப்புக் குவியல்களை ரொம்ப அக்கறையாய்ப் பார்ப்போம்.

மாடியிலிருந்து படியிறங்கி ஓடினேன். லேப்டாப் திரையில், பொடி எழுத்தில் - எண் கூடக் கூட முன்னுரிமை கூடும். ஏழுதான் உச்சமாம்! மாற்றி, சேவ் செய்து, பெட்டி ரீஸ்டார்ட் ஆவதற்குள் துவா முடிந்துவிடும்.

என் வீட்டு ஒயரைப் பிடுங்கினேன். மேலே ஓடினேன்.

உறைந்த முகம் அசைந்தது. "அத்தா, தெரியிதா?" என்றாள் மகள்.

"தெரியிதும்மா... அழுவாத."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழைய பழக்கம்.

கீழேயிருந்து மனைவியின் குரல்: "ஏங்க, மேட்ச் நின்னுடுச்சு!"

"கல்ஃப் கால்" என்றேன்.