கை வைக்காத கோப்புகள்

ஹட்டன் கடைத்தெருவில் கணினி திருத்தும் அவர், "தொடலாமா?" என்று கேட்காமல் எந்த இயந்திரத்தையும் தொடமாட்டார். தலையில் கம்பளித் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி.

மறைந்த என் மகன், பஸ் ஓட்டும் ஒரு கணினி விளையாட்டில், நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் மலைவீதியைத் தானே அமைத்துச் சேர்த்திருந்தான். புதிய அப்டேட்டுக்குப் பின் விளையாட்டு திறக்கவில்லை; அவன் கணினியை அவரிடம் கொண்டுபோனேன். முழுவதையும் அழித்து மறுபடி ஏற்ற வேண்டும் என்றார் அவர்.

"அவன் செஞ்ச ரோட்டும் போயிடுமே?"

"போகாதுங்க சேர். கேமோட சொந்த ஃபைல்ல மகன் கையே வைக்கல. தன்னோடத தனி ஃபோல்டர்ல வச்சிருக்காரு. மத்தவங்க உள்ள பூந்து நோண்டிடுவாங்க, அப்டேட் வந்து அழிச்சதும் என்னையத் திட்டுவாங்க. இவரு கெட்டிக்காரரு."

அந்த ஃபோல்டரைப் பிரதி எடுத்துவிட்டு மற்றதை அழித்தார். புதிதாக ஏற்றியபின் அதைத் திரும்ப வைத்தார். திரையில் நானுஓயா ரயில் நிலையம் எழுந்தது. நான்காம் வளைவில் எங்கள் வீட்டின் பச்சைக் கதவும் இருந்தது.

அவர் எழுந்து தம் நாற்காலியைத் தந்தார். "ஓட்டுங்க சேர்."

வாகனமே ஓட்டியறியாத நான், இருமுறை மண்மேட்டில் மோதியும், அந்தப் பஸ்ஸை நுவரெலியாவரை ஏற்றிவிட்டேன். அவர் கைதட்டினார்.

என் மகனை அவர் ஒருநாளும் கண்டதில்லை. இரங்கல் கூட்டத்தில் பேசிய எவரும், பிறருடையதில் கை வைக்காத அவனை இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.