பாம்பேய்க்குப் போய்வந்த தோழி

கல்லூரியில் ‘ரோமாபுரிப் பைத்தியம்’ என்று பெயர் வாங்கியவள் நான். சக்கரவர்த்திகளும் போர்களும் எனக்குப் பொருட்டில்லை. அங்கே சாதாரண ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே துணி வெளுத்தார்கள், அதுதான் வேண்டும். நான் பேச ஆரம்பித்தாலே என் அறைத்தோழி கொட்டாவி விடுவாள். அவள்தான் போன கோடையில் இத்தாலியிலுள்ள பாம்பேய் என்ற பழைய ரோமானிய ஊருக்குப் போய்விட்டு வந்தாள்.

இப்போது இருவரும் ஜெர்சி சிட்டியில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. அவளுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. என் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. அமெரிக்காவை விட்டு வெளியே போனால் புது முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது. அப்படிப் போய் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஆகவே எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த ஊரை அவள் அனுப்பிய வாட்ஸ்அப் படங்களில்தான் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஹார்ட் போட்டேன். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவள் திரும்பிய வாரம் மன்ஹாட்டனில் ரோமானியர்களின் அன்றாட வாழ்க்கை பற்றி ஒரு கண்காட்சி. நான்தான் அவளையும் கூப்பிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கரிக்கட்டையாகிக் கிடந்த ஒரு ரொட்டியின் முன்னால் அசையாமல் நின்றேன்.

“இதுக்கே இப்படி நிக்கறியாடி? நான் அந்த ஒரிஜினல் தெருவுலயே நடந்தேன். இதெல்லாம் சும்மா” என்றாள்.

போனை நீட்டினாள். தெருவோரக் கல்மேடை ஒன்று, அதன் மேல் வட்ட வட்டமாக ஓட்டைகள்.

“பப்ளிக் டாய்லெட்! வரிசையா உக்காந்திருப்பாங்க, பாரேன்!”

அது சாப்பாட்டுக் கடை. அந்த ஓட்டைகளில் பதித்த ஜாடிகளில் உணவை வைத்து விற்பார்கள். அடுத்த அறைச் சுவரிலேயே அப்படி ஒரு மேடையின் படம் விளக்கத்தோடு மாட்டியிருந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் படித்தேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. டிவியில் படங்களை ஓட்டிக் காட்டியவள் டாய்லெட் கதையையும் சொன்னாள். அங்கே போய்வந்திருந்த ஒரு டாக்டர் ஆன்ட்டி, “ஐயோ, அது ஹோட்டல்மா! அங்கதான் சாப்பிட்டாங்க!” என்றார். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அவள் என்னை மட்டும் பார்த்தாள்.

எல்லோரும் போனபின் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்டி சொல்லல?”

“வயித்தெரிச்சல்டி. நான் பாக்க வேண்டிய ஊரு. நீ பாத்துட்டு வந்துட்ட.”

குழாயை மூடினாள். “அதுக்கு நான் என்னடி பண்ணட்டும்?” என்றாள். கோபத்தில் இல்லை, நிஜமாகவே கேட்டாள். என் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் அவளிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. அவள் எடுத்த அத்தனை படங்களும் அதில் இருந்தன. கூட ஒரு வரிகூட எழுதவில்லை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, எது மாவரைக்கும் கல், எது சலவைத் தொட்டி என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதி அனுப்பினேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். ஒரு படத்தில், வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளத்தின் மேல் அவளுடைய வெள்ளை ஷூ தெரிந்தது. அதற்கு மட்டும் எதுவும் எழுத வரவில்லை.