கடலில்லாத ஊரில் மீன் வைத்தியம்

நானூறு அடிக்குக் கீழே தோண்டினாலும் தண்ணீர் கிடைக்காத ஊரில், கடல் மீனுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வரவேற்பறையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து, மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவதைப் பார்த்து ராத்தூக்கம் தொலைத்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

கரண்ட் போன பகல்

கிணத்துக்கடவில் பழனிசாமி என்றொரு தென்னந்தோப்புக்காரர். ஒருநாள் காலையில் டிரான்ஸ்பார்மர் பழுதாகி, தொட்டி மோட்டார் நின்றுவிட்டது. மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று குறையும். மஞ்சள் மீன் படுத்துவிட்டதென்று ஃபோனில் பதறினார். நானோ அப்போது கோபியில் இருந்தேன். “மக்குல தண்ணிய மொண்டு, உசரத்துல இருந்து அதே தொட்டிக்குள்ள ஊத்துங்க. நான் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க” என்று சொல்லிவிட்டு, பாட்டரியில் ஓடும் காற்று மோட்டாரோடு கிளம்பினேன்.

போய்ச்சேர நாலு மணி நேரம் ஆனது. அவரும் அவர் மனைவி சரஸ்வதியும் முறை வைத்து ஊற்றியிருக்கிறார்கள். அவர் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் கிடந்தார். அந்தம்மா ஸ்டூல் மேல் நின்று, முந்தானை நனைய ஊற்றிக்கொண்டிருந்தார். மீன் நிமிர்ந்து நின்று செவுளை அடித்தது. மோட்டாரை மாட்டிவிட்டு, “நடுவுல கொஞ்சம் உக்காந்திருக்கலாமுங்களே?” என்றேன்.

“மூச்சு உடறதுக்கு ஏதுங்க அம்மணி லீவு?” என்றார் சரஸ்வதி.

பல் முளைத்த வினை

கோவையில் ஒரு பல் டாக்டரம்மா. அவர் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில்தான் தொட்டி. அதில் ஒரு பேத்தை மீன், கோபம் வந்தால் பந்தாக உப்புகிற ரகம். அதற்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். நண்டு, நத்தை ஓட்டைக் கடித்துத் தேய்க்க வேண்டும். உரித்த இறாலையே போடச் சொன்னது நான் செய்த தப்பு. பல் வாயை மூடிவிட்டது, பத்து நாளாகப் பட்டினி.

வெட்டித்தான் ஆகவேண்டும் என்றதும் டாக்டரம்மாவுக்கு முகம் வெளுத்தது. ஆனால் மீனுக்கு மயக்க மருந்தான கிராம்புத் தைலம் அவர் மேஜையிலேயே இருந்தது. தொட்டித் தண்ணீரை பக்கெட்டில் எடுத்து, அதில் சில சொட்டு விட்டு, மீனை இறக்கினோம். மீன் துவண்டதும் ஈரத்துணியில் நான் பிடித்துக்கொள்ள, அவர் நுனிப் பல்லை நறுக்கினார். திரும்பத் தொட்டியில் விட்டபோது செவுள் அசையவில்லை. நான் அதை மெல்ல முன்னால் தள்ளித் தள்ளி வாய்க்குள் தண்ணீர் ஏற்றினேன். அவர் என் தோளை இறுகப் பிடித்திருந்தார். ஒரு துடிப்பு, பிறகு இன்னொன்று. சுற்றிக் காத்திருந்த நோயாளிகள் கைதட்டினார்கள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: “இத்தன வருசத்துல, வலிக்குதுன்னு சொல்லாத மொத பேஷண்ட் இவருதானுங்க.”

வாசனை

கோட்டைமேட்டு ஜாபர் பாய் அத்தர் வியாபாரி. அவருடைய கோமாளி மீன்கள் இரண்டும் உடம்பெல்லாம் சளி கட்டி, மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. உப்பு சரி, சூடு சரி. மூன்று தடவை போயும் காரணம் பிடிபடவில்லை. நாலாவது தடவை, அவர் தொட்டிக்குள் கையை விட்டு இரை ஊட்டுவதைப் பார்த்தேன். ரோஜா வாசம் குப்பென்று அடித்தது. கையில் இருந்த அத்தர் எண்ணெய்தான் வினை.

பாதித் தண்ணீரை மாற்றி, கரி வடிகட்டி போட்டேன். கையைக் கழுவினால் போதும் என்றுதான் சொன்னேன். அவர் அத்தர் பூசுவதையே விட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து மீன்கள் துள்ளிக்கொண்டு இரைக்கு வந்தன. “உங்க கடையில வாசமில்லாத ஆளு நீங்க மட்டும்தானுங்களா பாய்?” என்று கேட்டேன்.

“ஏம்மா, ஊருக்கே வாசம் விக்கறேன். ஊட்டுல ரெண்டு ஜீவன் மூச்சு உடறதுக்கு நான் இது கூடச் செய்யக் கூடாதா?” என்றார்.

நைலான் கம்பி

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ராஜகோபாலிடம் ஒரு சிங்க மீன் இருந்தது. கண்ணில் புண் வந்து, மருந்துக்கு அடங்காமல், இரண்டு கண்ணும் போய்விட்டது. இரையைப் பார்த்துப் பிடிக்கிற மீன் அது. “இனி தேறாதுங்க” என்று நானே கையை விரித்தேன்.

அவர் பட்டறையில் நைலான் கம்பி ஒன்றைக் கடைந்து, நுனியில் இறால் துண்டு செருகினார். கண்ணாடியை இரண்டு தட்டு தட்டுவது, பிறகு இறாலை வாயருகே நீட்டுவது. தினமும் இதே வேலை. முதல் வாரம் மீன் திரும்பவே இல்லை. இரண்டு மாதம் கழித்துப் போனேன். அவர் தட்டினார். பாறை இடுக்கிலிருந்து அது நேராகக் கிளம்பி வந்து, கம்பிக்கு முன்னால் வாயைத் திறந்தது.

ராஜகோபால் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “கண்ணுதானுங்க போச்சு, பசி போகலீங்களே.”

மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது நான், மீனைப் பிழைக்க வைப்பது வீட்டுக்காரர்கள், ‘மீன் டாக்டரம்மா’ என்ற பேர் மட்டும் எனக்கு.