ஊதுபத்திப் புகை போன திசை

எழுபதுகளில் எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போயிருந்தேன். பீரோ அளவு இயந்திரம். காலையில் ஓடும், மதியத்துக்குள் சூடாகி நின்றுவிடும். உள்ளே குளிர்விக்கும் விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. காரணம் பிடிபடவில்லை. இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடப் போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று ஆயுத பூஜை. மற்ற இயந்திரங்களெல்லாம் ஓய்ந்திருக்க, நான் இதை மட்டும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் பிலோமினா, ராயபுரத்துக் கிறிஸ்தவப் பெண், அதற்கும் பொட்டு வைத்து, கீழே ஊதுபத்தி ஏற்றினாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. “புகையை உள்ளே இழுத்தா மிச்சமும் போயிடும். அணைம்மா!”

“அது எங்க சார் இழுக்குது? பொகை என் மூஞ்சிலதான் அடிக்குது.”

குனிந்து பார்த்தேன். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய கம்பிவலை, புகையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் விசிறி மோட்டாரைச் சரிசெய்தவர்கள் வயரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். விசிறிகள் எதிர்ப்பக்கமாகச் சுற்றியதால் குளிர்ந்த காற்று உள்ளே போகவேயில்லை.

மின்சாரத்தை நிறுத்தி, வயர்களை மாற்றி, மறுபடி ஓடவிட்டேன். புகை வளைந்து உள்ளே போனது.

“இப்ப இழுக்குது சார். அணைச்சிடவா?” என்றாள் பிலோமினா.

அதற்குப் பிறகு எந்த ஊரில் எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு ஊதுபத்தி ஏற்றினேன். கூட வேலை செய்தவர்கள் என்னைப் பெரிய பக்தன் என்றார்கள். இல்லையென்று சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை.