பெண் பக்கம் திரும்பிய அர்ஜுனன்

சோழியால் கத்தி உறையைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டே சுக்ரி நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். "மரமே, உனக்குப் புண்ணியம். வெள்ளைச் சாயத்துக்கு எலும்பு குடுத்த பன்னியே, உனக்கும்தான்." கெரிஸ் கத்திகளின் மர உறைமேல் சித்திரம் எழுதுவது அவள் தொழில். கமாசான் ஊரில் அந்தத் தெரு முழுக்கச் சித்திரக்காரர்கள்தான். வாய் ஓயாமல் கும்பிடு போட்டபடி வேலை செய்கிறவள் இவள் ஒருத்தி.

கத்தியைக் கையில் வாங்கினால் முதலில் நெற்றியில் வைப்பாள். தரையில் வைக்கவே மாட்டாள். நெளிந்து ஓடும் இரும்பில் கொல்லன் மடித்து அடித்த வெள்ளி ரேகைகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "எந்த மகராசன் அடிச்சானோ, அவன் கைக்கு நான் என்னத்தைச் செஞ்சு ஈடு கட்டுறது?" என்பாள்.

இந்த உறை சரினியின் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கப்பல் ஏதோ துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. பூசாரி குறித்த நாளை மாற்ற முடியாது. மாப்பிள்ளை வராவிட்டால் அவன் வீட்டுக் கெரிஸ் அவன் இடத்தில் உட்காரும்.

"கத்தி பக்கத்துல உட்காரப் போறேன்க்கா. பார்க்கிறவங்க ஐயோ பாவம்னு சொல்லாத மாதிரி பண்ணிக் குடுங்க" என்றாள் சரினி.

சுக்ரி அர்ஜுனனை எழுதினாள். பொன்தாளும் ஒட்டி முடித்த பிறகுதான் தப்பு அவள் கண்ணில் பட்டது. நிழற்கூத்தில் நல்லவர்கள் வலப்புறம் நின்று இடப்புறம் பார்ப்பார்கள். பழகிய கை அப்படியே எழுதிவிட்டது. மறுநாள் பெண் உட்காரப் போவதோ அவன் முதுகுப் பக்கம்.

"விடு. அர்ஜுனனைத் திருப்பி எழுதினா தெருவே சிரிக்கும்" என்றான் அவள் புருஷன் ருண்டா.

"தெருவா அவன் பக்கத்துல உட்காரப் போவுது?"

பொன்னும் வர்ணமுமாகச் சுரண்டத் தொடங்கினாள். இப்படி ஒரு வேலை தன்னை நம்பி வந்ததே என்று அவளுக்குச் சந்தோஷம்தான். ருண்டா முணுமுணுத்துக்கொண்டே போய்ப் புதுச் சாயம் குழைத்து வந்தான். அவனுக்கும் ஒரு கும்பிடு கிடைத்தது.

கல்யாணப் பந்தலில் மஞ்சள் பட்டுமேல் கெரிஸை நிறுத்தி வைத்தார்கள். "என்னடா இது, அர்ஜுனன் தப்பான பக்கம் பார்க்கிறான்?" என்றார் ஒரு பெரியவர். பின்வரிசையில் சுக்ரி கைலிமடிப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சரினி தலை குனிந்தபடி வந்து உட்கார்ந்தாள். ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன் கொண்டையிலிருந்து ஒரு செண்பகப் பூவை உருவி, மாப்பிள்ளை காதில் செருகுவதுபோல் உறையின் வாயோரம் செருகினாள்.