கம்பியூட்டருக்குள் இன்னொரு கம்பியூட்டர்

எங்கள் கம்பியூட்டருக்குள் இன்னொரு கம்பியூட்டர் இருக்கிறது என்று சின்னம்மா சொன்னபோது எனக்கு எட்டு வயது. உடனே நம்பிவிட்டேன்.

சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வேலை தேடி வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு தங்கியிருந்தார். நேர்முகத்தேர்வில் காட்டுவதற்காக, தேவையானதை மட்டும் வைத்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு குட்டி வடிவத்தைத் தானே கட்டிக்கொண்டிருந்தார். எமுலேட்டர் என்ற புரோகிராமைத் தட்டினால் திரையில் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதுதான் உள்ளே இருக்கும் கம்பியூட்டர். அதில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். மூன்று நாளாக அது 'பேனிக்' என்ற சொல்லோடு நின்றுபோய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"முதல்ல எழும்ப வேண்டிய ஃபைலுக்கு ஓடுறதுக்கு அனுமதி குடுக்கேல்லையடி!"

அனுமதியைக் கொடுத்து முடித்த நேரம் கதவு தட்டப்பட்டது. ஆமிச் செக்கிங். போர்க்காலம் அது; தமிழர் வீடுகளில், அதுவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களைத் தேடி, இராணுவம் அடிக்கடி சோதனை போடும்.

அம்மா அடையாள அட்டைகளையும் சின்னம்மாவின் பொலிஸ் பதிவுத் துண்டையும் நீட்டினார். அதிகாரி யாழ்ப்பாண முகவரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினார். இவ்வளவு பெரிய அதிசயத்தைப் பார்க்காமல் ஒரு மனிதர் போவதா? எனக்குப் பொறுக்கவில்லை. சின்னம்மாவின் கம்பியூட்டருக்குள் இன்னொரு கம்பியூட்டர் ஒளிந்திருக்கிறது என்று, பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் அவரிடம் சொன்னேன்.

அம்மாவின் முகம் செத்துப்போனது. அதிகாரி திரும்பி வந்தார்.

"இது வேலைக்குக் காட்டச் செய்யிறது எண்டு சொல்லுங்கோக்கா," என்றார் சின்னம்மா. அம்மா சிங்களத்தில் சொன்னார். அப்படியென்றால் இயக்கிக் காட்டட்டும், இல்லாவிட்டால் கம்பியூட்டரும் ஆளும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார் அதிகாரி.

சின்னம்மா என்டரைத் தட்டினார். எழுத்துகள் ஓடின. வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்தன. தாண்டின! ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' என்று ஒரு வரி வந்தது, அதன் கீழே ஒரு சின்னக் கோடு மினுங்கி மினுங்கி எங்களுக்காகக் காத்திருந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு இயந்திரம் கண் விழித்ததை நான் பார்த்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறகு எத்தனையோ பெரிய இயந்திரங்களோடு வேலை செய்துவிட்டேன், அப்படி ஒருநாளும் புல்லரிக்கவில்லை.

அதிகாரியும் குனிந்து பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் சின்னம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் ஆறுதல் சொன்னேன்:

"அழாதேங்கோ சின்னம்மா. அந்த ஆமி மாமா வடிவாப் பாக்கேல்லை. திருப்பிக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"