நடுகல்லை ஏற்றப் போன நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒருமுறை வரும் எங்கள் வளாகச் செய்தி இதழுக்கு எழுதுவதும் நான்தான். அந்த ஆண்டு வளாகத்தில் புதிதாகப் போட்ட பூங்காவின் ஒரு மூலையில் பழைய கற்களை நிறுத்தி ‘மரபுத் தோட்டம்’ என்று பெயர் வைக்கத் திட்டம். ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் வழியில், காப்பி எஸ்டேட் ஒன்றை ஒட்டி நடுகல் ஒன்று இருப்பதாகப் எங்கள் வரலாற்றுப் பேராசிரியருக்குத் தகவல் வந்தது. வாள் ஓங்கிய வீரனைச் செதுக்கிய இடுப்பளவுக் கல். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பேராசிரியரும் நானும் என் வகுப்பு நண்பனும் மூன்று கூலியாட்களோடு லாரியில் போனோம். கல்லின் நெற்றியில் பூசிய மஞ்சள் இன்னும் காயவில்லை. அதைப் பார்த்த பிறகும் கடப்பாரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

கடப்பாரைச் சத்தம் கேட்டு, பக்கத்துச் சாமைக் காட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பின்னால் அவர் மனைவி.

“ஏனுங்க, அது எங்க பாட்டனுங்க. வருசா வருசம் பொங்க வெக்கறமுங்க. உட்டுருங்க.”

“ரைட்டர் குடுத்தாச்சு” என்றார் பேராசிரியர்.

“குடுக்கறதுக்கு அவரு ஆருங்க?”

ஓடி வந்தவர் கல்லை வலது கையால் வளைத்து இறுக்கிக்கொண்டார். இழுத்த கூலியாளின் கையைக் கடித்தார். மூன்று பேரும் அவர்மேல் பாய்ந்து மிதித்தார்கள். அந்த அம்மாள் களைக்கொத்தை வீச, அது என் நண்பனின் காதைக் கிழித்தது. அவன் சட்டையெல்லாம் ரத்தம். எனக்கு வெறி பிடித்துவிட்டது. கீழே கிடந்த விறகுக் கட்டையை எடுத்து அவருடைய முழங்கையில் ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் எலும்பு உடைந்தது. பிடி விட்டது.

கல்லை ஏற்றிக்கொண்டு ஒரு மைல்கூட வந்திருக்க மாட்டோம். ஊர்க்காரர்கள் கொடுவாளோடு பாதையை மறித்து நின்றார்கள். முன்கண்ணாடி நொறுங்கியது. டிரைவரை இழுத்துப்போட்டு அடித்தார்கள். பேராசிரியரின் மண்டை பிளந்தது. நான் காப்பிச் செடிகளுக்குள் படுத்து, அவர் அலறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்லை இறக்கித் தோளில் சுமந்து கொண்டுபோனார்கள்.

போலீஸ் வந்தது. இரண்டு தரப்பும் புகாரைத் திரும்பப் பெற்றன. பேராசிரியர் சொன்னபடி, ‘நடுகல்லை அது இருந்த இடத்திலேயே பாதுகாக்க முடிவு’ என்று இதழில் நான்கு வரி எழுதினேன்.

அடுத்த வாரம் கை ஒடிந்தவரைப் பார்க்க மலையேறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் என்னை அடையாளம் தெரியாமல், “உக்காருங்க கண்ணு” என்றார்.

“இவந்தான் ஒடிச்சவன்!” என்று அவர் மனைவி கத்தினாள். கஞ்சிப் போசியை என் முகத்தில் எறிந்தாள். உதடு கிழிந்தது.

“மன்னிச்சுருங்க” என்றேன்.

அவர் மாவுக்கட்டைத் தொட்டுக் காட்டினார். “மொளகு பறிக்க மரம் ஏறற கைங்க இது” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கை கடைசிவரை நிமிரவில்லை.